ரசிகனின் கொலு

சென்ற வருஷம் நவராத்திரி முடிந்த மறுவாரம் ஒரு நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அவருடைய தாயார் பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியபோது கூடவே இறங்கி வந்ததாம் ஒரு கட்டு இசைத்தட்டு. நண்பரின் பெரியப்பா லண்டனில் படித்த காலத்தில் வாங்கியவை. கிராமபோன் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. தட்டுக்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவற்றில் ஒன்று, 1967-ஆம் வருஷம் பீட்டில்ஸ் கோஷ்டியார் வெளியிட்ட 'ஸார்ஜண்ட் பெப்பர்'.

அந்த உறைப் படத்தை நான் முதலில் பார்த்தது கல்லூரி நாளில், ஒரு காஸெட்டின் மேல். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அளவு. ஏதோ ஒரு கூட்டம் என்று தெரிந்தது; முகமெல்லாம் கடுகு. இப்போது பன்னிரண்டு அங்குலச் சதுரத்தில், மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் ஒவ்வொருவராகப் புறப்பட்டு வந்தார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்ததைக் கவனித்த நண்பரின் தாயார், கையில் பாதி சுற்றிய தசாவதாரப் பொம்மையுடன் எட்டிப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, வெள்ளைக்காரங்க கொலு வச்சிருக்காங்களா?" என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அட, கீழே மகாலட்சுமிகூட இருக்காளே!" என்றார்.

இருக்கிறாள். முன்வரிசைப் பூச்செடிகளுக்கு நடுவே நான்கு கைகளோடு சின்னப் பொம்மையாக நிற்கிறாள். எத்தனையோ முறை அந்தப் படத்தைப் பார்த்திருந்த எனக்கு அதுவரை தெரியாது.

இந்தப் படத்தைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். நான் படித்தவற்றில் எதுவும் அந்த அம்மாளின் ஒரு வரி விமரிசனத்துக்குக் கிட்டே வரவில்லை. கொலு என்றால் வேறென்ன? பிள்ளையாரும் செட்டியாரும் போலீஸ்காரரும் கிரிக்கெட் ஆட்டக்காரர்களும் ஒரே வேட்டி விரித்த படிகளில் பேதமில்லாமல் நிற்பதுதானே? பாட்டி காலத்துப் பண்ருட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் பேத்தியின் பிளாஸ்டிக் வாத்து நிற்கும். வைத்த வீட்டாருக்கு எதன் மேலெல்லாம் பிரியமோ, அதெல்லாம் அங்கே உண்டு. ஸார்ஜண்ட் பெப்பர் படத்திலும் கார்ல் மார்க்ஸ் நிற்கிறார், லாரலும் ஹார்டியும் நிற்கிறார்கள், எட்கர் ஆலன் போ, ஐன்ஸ்டீன், மர்லின் மன்றோ, குத்துச்சண்டைக்காரர் ஸானி லிஸ்டன், நம் பரமஹம்ஸ யோகானந்தர் எல்லோரும் நிற்கிறார்கள். பளபளக்கும் பட்டாள உடையில் பீட்டில்ஸ் நால்வர் நடுவே; பக்கத்திலேயே அவர்களுடைய மெழுகுப் பொம்மைகள், கறுப்புக் கோட்டுடன், தங்கள் சாவுக்குத் தாங்களே வந்தவர்களைப் போல.

இதைச் செய்தவர் யார் என்று கேட்டால் எல்லோரும் சொல்லுகிற பதில் பீட்டர் பிளேக். அந்தப் பதில் பாதிதான் சரி என்பதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் இந்தப் பிளேக் எப்படிப்பட்ட மனிதர் என்று பார்க்கலாம்.

1932-இல் இங்கிலாந்தில் கெண்ட் மாகாணத்து டார்ட்ஃபர்டில் பிறந்தவர். யுத்த காலத்துப் பிள்ளை. குண்டு வீச்சுக்குப் பயந்து வேற்றூருக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகளில் ஒருவர். பதினாலாவது வயதில் கிரேவ்ஸெண்ட் என்ற ஊரில் சித்திரப் பள்ளியில் சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பது இருக்கட்டும். பள்ளிக்கு வெளியே அவர் கற்றதுதான் சுவாரஸ்யம். தாயார் அவரை மல்யுத்தம் பார்க்கக் கூட்டிப் போவாராம். அந்த ஊரில் இருந்த ஒரு காயலான் கடையில் பையன் காசு கொடுத்து வாங்கிய முதல் சாமான்கள் மூன்று: காகிதக் கூழில் செய்த ஒரு தட்டு, தோல் அட்டை போட்ட ஷேக்ஸ்பியர் வரிசை, 'குயீன் மேரி' என்ற கப்பலை யாரோ வரைந்த ஒரு படம். அந்த மூன்றில் பிற்காலத்துப் பிளேக் முழுக்க இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஷேக்ஸ்பியரை வாங்கியதற்காக அவர் பெருமைப்படவில்லை. கப்பல் படத்தை வாங்கியதற்காக வெட்கப்படவும் இல்லை.

இங்கே கதை எழுதுகிறவர்களாகிய எங்களைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "உங்களைப் பாதித்த எழுத்தாளர் யார்?" என்று பேட்டியில் கேட்டால் உடனே டால்ஸ்டாய், செகாவ் என்போம். பதினாலு வயதில் பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்த துப்பறியும் நாவலின் பெயரை ஒருவரும் சொல்ல மாட்டோம். நானும் அப்படி டால்ஸ்டாய் என்று சொன்னவன்தான். 'போரும் அமைதியும்' நாவலை முழுக்கப் படித்தது அதற்கும் ஆறு வருஷம் கழித்து. பிளேக்கிடம் எனக்குப் பிடித்த முதல் குணம் இந்தப் பொய் அவரிடம் இல்லாததுதான்.

விமானப் படையில் கட்டாயச் சேவை முடித்து 1953-இல் லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். 1956-இல் வெளியே வந்ததும் ஓர் உபகாரச் சம்பளம் கிடைத்தது. மற்ற மாணவர்களாயிருந்தால் மைக்கலாஞ்சலோவைப் பார்க்க ரோமாபுரிக்கு ஓடியிருப்பார்கள். இவர் அந்தப் பணத்தில் ஹாலந்து, பெல்ஜியம், பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் என்று சுற்றிப் பார்க்கப் போனது ஜனங்களின் கலையை: கடைப் பலகை, சர்க்கஸ் படம், திருவிழாச் சாமான் போன்றவற்றை.

அந்த நாட்களில் அவர் வரைந்து முடித்த படம் 'பால்கனியில்'. லண்டன் டேட் காலரியில் இருக்கிறது. பெஞ்சியில் சில பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பையன் கையில் பிரெஞ்சு ஓவியர் மானேயின் 'பால்கனி' படம். சுற்றிலும் பத்திரிகை அட்டை, அரச குடும்பத்தின் போட்டோ, சிகரெட் பெட்டி என்று பல சாமான்கள். பார்த்தால் கத்தரித்து ஒட்டியது என்று சத்தியம் செய்வீர்கள். ஒரு துண்டுகூட ஒட்டியதில்லை. அத்தனையும் தூரிகையால் எழுதியது. ஆனர் ஷாரர் என்ற அமெரிக்கப் பெண் ஓவியர், தொழிலாளிகள் புகழ்பெற்ற ஓவியங்களைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதாக 1943-இல் ஒரு படம் வரைந்திருந்தார். பிளேக்குக்கு வித்து அங்கிருந்து வந்தது. ஆனால் ஷாரரின் தொழிலாளிகள் பிடித்திருப்பவை அமர ஓவியங்கள். பிளேக் அந்த வரிசையில் பத்திரிகை அட்டையையும் கொண்டுவந்து வைத்து, மானேயை எவ்வளவு பொறுமையாக எழுதினாரோ அதே பொறுமையுடன் அதையும் எழுதினார். அட்டைப் படத்தைப் பார்த்து எழுதுவது எல்லாப் பையன்களும் செய்கிற காரியம். அதை ராயல் கல்லூரிப் பட்டம் வாங்கிய பிறகும் விடாமல் செய்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

1961-இல் தம்மைத் தாமே வரைந்துகொண்டார். தாடிவைத்த இருபத்தொன்பது வயது மனிதர். வீட்டுத் தோட்டத்து வேலிக்கு முன்னால், நீலக் கால்சட்டையும் மேல்சட்டையும் அமெரிக்கக் கித்தான் ஜோடுமாக நிற்கிறார். மார்பு நிறையப் பித்தான் பித்தானாக பாட்ஜுகள். கையில் எல்விஸ் பிரஸ்லி ரசிகர் பத்திரிகை. பதினைந்து வயதுப் பையன் செய்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. நம்மைச் சிரிக்கச் சொல்லவும் இல்லை. பாரிஸில் லூவர் காட்சிசாலையில் வாட்டோவின் பழைய ஓவியம் ஒன்று உண்டு: வெள்ளை உடையில், கைகளைத் தொங்கவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கோமாளி. பிளேக் நிற்பதும் ஏறக்குறைய அந்த நிற்றல்தான். இந்தப் படத்துக்கு லிவர்பூலில் ஒரு பரிசும் கிடைத்தது.

அதே சமயத்தில் செய்த இன்னொரு படம் 'ஒரு பெண் கிடைத்தாள்'. மேல் வரிசையில் ஃபேபியன், ஃபிராங்கி அவலான், ரிக்கி நெல்ஸன், பாபி ரைடெல், எல்விஸ் ஆகிய பாடகர்களின் போட்டோக்கள். ஓரத்தில் அசல் இசைத்தட்டு ஒன்றையே படத்தில் பதித்துவிட்டார். தன் காதலிக்குத் தன்னைவிட இந்தப் பாடகர்கள் மேல்தான் மோகம் என்று ஒரு பையன் அலுத்துக்கொள்ளும் 1960-ஆம் வருஷத்துப் பாட்டு அது. தட்டு கண்ணெதிரே இருக்கிறது, சுழற்ற முடியாது. சுவரில் மாட்டிய பாட்டு! அந்தப் பையனுடைய ஏக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் எனக்குத் தோன்றவில்லை.

பீட்டில்ஸையும் வரைந்தார். பத்திரிகையில் வந்த போட்டோவைப் பார்த்து 1963-இல் ஆரம்பித்த படம் 1968-இல்தான் முடிந்தது. நால்வருடைய கையெழுத்தையும் வாங்குவதற்காக அவரவருக்கு ஓர் இடம் விட்டிருந்தார். அந்த இடங்கள் இன்றுவரை காலியாகவே இருக்கின்றன. இதற்கு நடுவில்தான் ஸார்ஜண்ட் பெப்பர் வேலையே நடந்தது! நால்வரையும் நேரில் அறிந்தவர் ஒரு பேனாவை நீட்டியிருக்கலாம். காலியிடத்தோடு படம் நிற்கிறபோது அதில் ரசிகனின் ஏக்கம் நிற்கிறது. கையெழுத்து விழுந்திருந்தால் அது ஞாபகார்த்தச் சாமானாகப் போயிருக்கும்.

பிளேக் போட்டோவைப் பார்த்து எழுதுகிறவர்தானே, இதில் கற்பனை எங்கே என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர் விஷயம் பாடகர் அல்ல, பாடகரின் மேல் ஒருவருக்கு உண்டாகும் பிரியம். அந்தப் பிரியத்தைக் கேலி செய்யாமல் எழுதுவது மிகவும் கஷ்டம். அமெரிக்காவில் வார்ஹோல் எல்விஸை அச்சடித்தபோது, பார்க்கிறவனை ஒரு குளிர்ந்த தூரத்தில் நிறுத்திவைத்தார். பிளேக்குக்கு அந்தத் தூரம் தெரியாது. அதுவே அவருடைய பலவீனமும்கூட. பிரியம் மட்டும் இருந்து கேள்வி இல்லாமற் போனால் படம் வெறும் அடுக்காகிவிடும். அவருடைய பிற்காலத்து ஒட்டுப் படங்கள் பலவற்றைப் பார்க்கிறபோது, பெட்டியைத் திறந்து காட்டிய மாதிரி இருக்கிறதே தவிர, பெட்டிக்காரர் என்ன நினைக்கிறார் என்பது தெரிவதில்லை.

1967-க்கு வருவோம். பீட்டில்ஸ் தங்களை வேறொரு கற்பனைக் கோஷ்டியாகப் பாவித்துத் தட்டு எடுத்தார்கள். உறையில் என்ன போடுவது? ஒரு பூங்காவில் அந்தக் கோஷ்டி கச்சேரி முடித்திருக்கிறது, பின்னால் ரசிகர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ரசிகர்கள் உலகத்தில் யாராகவும் இருக்கலாம் என்றார் பிளேக். எத்தனை எளிய யோசனை! மார்க்ஸும் ஐன்ஸ்டீனும் அங்கே மேதைகளாக வரவில்லை. கச்சேரி கேட்கவந்த ஜனங்களாக வந்திருக்கிறார்கள். பாட்ஜ் குத்திக்கொண்டு தனியாக நின்ற அந்த 1961-ஆம் வருஷத்து ரசிகனுக்கு இப்போது துணை கிடைத்துவிட்டது.

முகங்களைப் பெரிதாக்கி, அட்டையில் ஒட்டி, ஆள் உயரத்துக்கு வெட்டி நிறுத்தினார்கள். நம் ஊர் வாசகர்களுக்குக் கட்-அவுட் என்றால் விளக்க வேண்டியதில்லை. லண்டன் செல்ஸீ பகுதியில் மைக்கேல் கூப்பர் என்பவரின் ஸ்டூடியோவில் மார்ச் 30-ஆம் தேதி இரவு போட்டோ எடுக்கப்பட்டது. சாதாரணமாக ஓர் உறைக்கு 50 பவுன் செலவாகும் அந்த நாளில் இதற்கு ஏறக்குறைய 3,000 பவுன் ஆயிற்று. சித்திரக்காரர் பங்குக்குக் கிடைத்தது 200 பவுன். தட்டு கோடிக்கணக்கில் விற்றபோதும் மேற்கொண்டு ஒரு காசு கிடையாது. இந்தக் குறை பிளேக்குக்கு வெகுகாலம் தீரவில்லை.

ஒரு விஷயம் நமக்குச் சம்பந்தப்பட்டது. கூட்டத்தில் காந்தியும் நின்றிருந்தார். இந்தியாவில் மனம் புண்படும், விற்பனை கெடும் என்று இ.எம்.ஐ. கம்பெனித் தலைவர் சர் ஜோஸப் லாக்வுட் பயந்து அவரை எடுத்துவிடச் சொன்னார். யோகானந்தரும் அவருடைய குரு பரம்பரையும் தப்பித்தார்கள், காந்தி போனார். லாக்வுட் துரை ஒரே ஒரு நவராத்திரிக்கு நம் பக்கம் வந்து சுண்டல் வாங்கிக்கொண்டு போயிருந்தால் அந்தப் பயம் தெளிந்திருக்கும். தடியூன்றிய காந்தி பொம்மையைப் படியில் வைத்தால் மனம் புண்படும் என்று நம் பாட்டிமார் யாரும் நினைத்ததில்லை.

இப்போது பாதி பதிலுக்கு வருகிறேன். மற்றப் பாதி ஜான் ஹாவர்த். பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துவிட வேண்டாம்; பிளேக்கின் அன்றைய மனைவி, தாமே ஒரு நல்ல சிற்பி. அமெரிக்காவில் ஹாலிவுட்டில் 1942-இல் பிறந்தவர். தகப்பனார் டெட் ஹாவர்த், சினிமாவுக்குக் களம் அமைக்கும் கலை டைரக்டர். 'ஸயோனாரா' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். பெண் வளர்ந்த உலகம் அது. முன்னால் நிஜச் சாமான், பின்னால் எழுதிய திரை, இரண்டும் எங்கே சேர்கின்றன என்று தெரியாதபடி இணைப்பது சினிமாக் களத்தின் ரகசியம். ஸார்ஜண்ட் பெப்பர் படத்தை மறுபடி பாருங்கள். முன்னே நிஜப் பூ, நிஜ மனிதர், மெழுகுப் பொம்மை, துணிப் பொம்மை. பின்னே தட்டையான அட்டை முகங்கள். கண் தடுக்காமல் போகிறது. அந்தக் கறுப்பு வெள்ளைப் போட்டோக்களுக்குக் கையால் வர்ணம் தீட்டியவர் ஹாவர்த். ஊர்ப் பூங்காக்களில் செடிகளால் எழுதுகிற மாதிரி பெயரைப் பூவால் எழுதலாம் என்ற யோசனையும் அவருடையது. வலது ஓரத்தில் துணிப் பாட்டி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில் ஷர்லி டெம்பிள் பொம்மை. இரண்டும் ஹாவர்த் தைத்தவை.

டார்ட்ஃபர்டுப் பையனின் காயலான் கடையும், ஹாலிவுட் பெண்ணின் சினிமாக் களமும் சேர்ந்து பெற்ற பிள்ளை இந்தப் படம். யார் யார் நிற்பது என்பதில் கடை தெரிகிறது. எப்படி நிற்பது என்பதில் களம் தெரிகிறது. கடைச் சாமான்களை மட்டும் பரப்பியிருந்தால் அது பிளேக்கின் இன்னொரு நல்ல ஒட்டுப் படமாக இருந்திருக்கும். உறையிலேயே, அமைத்தவர்கள் பீட்டர் பிளேக்கும் ஜான் ஹாவர்த்தும் என்று இரண்டு பெயரும் அச்சாகியிருக்கின்றன. 1968-இல் கிராமி பரிசும் கொடுத்தார்கள். ஆனாலும் வருஷங்கள் போகப்போக 'பிளேக்கின் உறை' என்றே உலகம் சொல்லத் தொடங்கிவிட்டது. அச்சில் இருப்பதைக்கூடப் படிக்க மாட்டோம் என்று தீர்மானித்துவிட்டால் என்ன செய்வது?

புகழ்பெற்ற உறை என்றாலே அதைப் பார்த்து எழுதுகிறவர்களும் வந்துவிடுவார்கள். 1968-இலேயே ஃபிராங்க் ஜப்பா என்ற அமெரிக்கர் தம் தட்டுக்கு இதைக் கேலி செய்து படம் போட்டார். அப்புறம் எத்தனையோ பேர். அவற்றில் பலதையும் சுருக்கமாகக் கடந்துவிடலாம். பழைய முகத்தை எடுத்துவிட்டுப் புது முகத்தை ஒட்டிய காரியங்கள். காணிக்கை என்று சொல்லிக்கொண்டு செய்கிற வேலையில் பாதி இந்த ரகம்தான். ஆனால் அசலைச் செய்த இருவருமே பிற்காலத்தில் அதை மறுபடி செய்திருக்கிறார்கள் என்பது அபூர்வமான விஷயம். ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு நல்ல சந்தர்ப்பம்.

பிளேக் 2012-இல், தம் எண்பதாவது பிறந்த நாளையொட்டிச் செய்தார். தம் வாழ்நாளில் தாம் மெச்சிய பிரிட்டிஷ் பிரமுகர்களைக் கொண்டு கூட்டத்தை நிரப்பினார். பாடகி எமி வைன்ஹவுஸ் இருக்கிறார், நாவலாசிரியை ஜே. கே. ரௌலிங் இருக்கிறார். எல்லோரும் பெரியவர்கள், கௌரவமானவர்கள். சர் பட்டம் பெற்ற கலைஞரின் எண்பதாம் கல்யாணத்துக்கு வந்த விருந்தினர் பட்டியல் மாதிரி இருக்கிறது. தோட்டத்து வேலிக்கு முன்னால் பாட்ஜுகளோடு திகைத்து நின்ற அந்த மனிதரை நான் அதில் தேடினேன், அகப்படவில்லை. பிரியம் இருக்கிறது. அதில் வலி இல்லை.

ஹாவர்த் 2004-இல் ஆரம்பித்தார். அமெரிக்காவில் ஸால்ட் லேக் நகரத்தில், 50 அடி நீளமும் 30 அடி உயரமுமான ஒரு சுவரில். அசல் படத்தில் அவருக்கு வெகுநாளாக ஒரு மனக்குறை: அத்தனை கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர்? தெளிவாகத் தெரிகிற நிஜப் பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மே வெஸ்ட், மார்லின் டீட்ரிக், மர்லின் மன்றோ, டயானா டார்ஸ், ஷர்லி டெம்பிள். ஐந்து பேரும் நடிகைகள். எழுதுகிற பெண் ஒருத்தி இல்லை. விஞ்ஞானப் பெண் ஒருத்தி இல்லை. மற்றவை எல்லாம் பொம்மையும் கவர்ச்சிப் படமும்தான். அதைச் செய்த கைகளில் இரண்டு ஒரு பெண்ணின் கைகள் என்பதை நினைத்துப் பாருங்கள்! ஆகவே முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பழைய முகங்களை எடுத்துவிட்டு வேறு முகங்களை எழுதினார். பீட்டில்ஸின் சட்டைகளை மட்டும் தகரத்தில் வெட்டி வைத்து, தலைக்கும் கைக்கும் ஓட்டை விட்டார். பொருட்காட்சியில் போட்டோப் பிடிக்கிறவர் வைத்திருப்பாரே, அதே மாதிரி. வழிப்போக்கர் யார் வேண்டுமானாலும் தலையை நீட்டிப் படத்துக்குள் போகலாம்.

அத்தோடும் அவர் விடவில்லை. தம் மகள் லிபர்ட்டி பிளேக்குடன் சேர்ந்து பெண்களையே கூட்டமாக எழுதும் சுவர்ப்படங்களைச் செய்ய ஆரம்பித்தார். அவற்றில் ஒன்று, 130 பெண்களின் உருவங்களுடன், 2023-இல் லண்டன் தேசிய உருவப்பட காலரியில் இடம்பெற்றது.

சித்திர வேலையின் நயத்தை மட்டும் பார்த்தால் பிளேக்கின் 2012-ஆம் வருஷத்துப் படம் சுத்தமானது. ஸால்ட் லேக் சுவர் கரடுமுரடாகத்தான் இருக்கிறது. பல கைகள் பட்ட வேலை. இருந்தும், இரண்டில் எது அந்தப் பழைய உறைக்குச் செய்த நல்ல மரியாதை என்று கேட்டால் நான் சுவரைத்தான் சொல்வேன். தான் செய்ததோடு முப்பத்தேழு வருஷம் கழித்துச் சண்டை போடுகிறவருக்கு அதன் மேல் உள்ள அக்கறை, அதைப் பிரதி எடுக்கிறவருக்கு இருக்க முடியாது.

இவ்வளவையும் நண்பரின் தாயாரிடம் அன்று நான் சொல்லவில்லை. எனக்கே பாதி அப்போது தெரியாது. அவர் உறையைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மார்க்ஸையும் மன்றோவையும் தாண்டி வலது ஓரத்துக்கு வந்து நின்றார். "இந்தத் துணிப் பாட்டியைத் தச்சது யாரு தம்பி?" என்று கேட்டார். உறையைத் திருப்பிப் பொடி எழுத்தில் இருந்த பெயரைத் தேடிக் காட்டினேன். ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "கை சுத்தமான கை" என்றார். பிறகு உட்கார்ந்து, தசாவதாரத்தில் மிச்சமிருந்த பொம்மைகளைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.